பதிவு இசைக்கு ஆடி அரங்கேற்றம் செய்யலாமா?

அரைமண்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். தை மாதம் என் மாணவி ஒருத்திக்கு அரங்கேற்றம். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், இரண்டு பதம், ஒரு ஜாவளி, தில்லானா என்று முழு மார்க்கமும், அதாவது கச்சேரி வரிசை முழுவதும், பாடம் ஆகிவிட்டது. வர்ணம் பைரவியில் ‘மோகமான என்மீது’. பெண்ணுக்குக் கால் சுத்தம். முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்தால், எடுத்த உருப்படி (நடனம்) முடியும்வரை உயரம் மாறாது. முகமும் நன்றாகப் பேசுகிறது.

சிக்கல் பக்கவாத்தியத்தில்தான். நட்டுவாங்கம் (தாளம் தட்டி ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்துவது), பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் என்று ஐந்து பேரைச் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும். ஒத்திகைக்கு ஒரு தடவை, மேடைக்கு ஒரு தடவை வண்டிச் செலவு, தங்க இடம், சாப்பாடு, சம்பாவனை என்கிற சன்மானம். அப்பா சிறிய கடை வைத்திருப்பவர். “டீச்சர், வகுப்பில் ஸ்பீக்கரில் போட்டுத்தானே ஆடுகிறாள், அதையே மேடையிலும் போட்டால் என்ன?” என்று கேட்கிறார்.

வர்ணத்தைப் பதிவுக்கு ஆடவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ‘சம்பிரதாயம்’ என்ற ஒரு சொல்லைச் சொல்லி ஒரு குடும்பத்தைக் கடன் வாங்கச் சொல்ல முடியாது. அவருக்குப் புரிகிற காரணம் வேண்டும். மேடை அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மூணாவது_மாடி எழுதியது:

நான் ஆடுகிறவள் இல்லை, ஆடுகிற பெண்ணின் அம்மா. அந்த அப்பா பக்கம் நின்று கொஞ்சம் பேசுகிறேன்.

போன வருடம் என் மகளுக்கு அரங்கேற்றம் செய்தோம். மண்டபம், மேக்கப், உடைகள், நெத்திச்சுட்டியிலிருந்து ஒட்டியாணம் வரை கோயில் நகை, அழைப்பிதழ், குருவுக்குப் புடவையோடு தாம்பூலத் தட்டு, வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தட்டு, வந்தவர்களுக்கு இரவுச் சாப்பாடு. என் வளையலை அடகு வைத்தோம். இவ்வளவும் செய்து, வாத்தியக்காரர்கள் முதல் நாள் சாயங்காலம்தான் வந்தார்கள். ஒரே ஒத்திகை, அதுவும் பாதி உருப்படிகளுக்கு. பாடியவர் என் மகள் பக்கம் நிமிர்ந்து பார்க்கவே இல்லை, கண் முழுக்க எதிரே வைத்திருந்த திரையில். பதத்தில் ஒரு வரியைக் குறைத்துப் பாடிவிட்டார். இவள் நடுவில் திகைத்து நின்றாள்.

பதிவாக இருந்திருந்தால் என் பெண் பயமில்லாமல் ஆடியிருப்பாள். நேரடி இசை உயர்ந்தது என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் எந்த நேரடி இசை என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வலந்தலை எழுதியது:

டீச்சர், நான் நாட்டியத்துக்கு மிருதங்கம் வாசிக்கிறவன். அந்த அப்பாவிடம் வர்ணத்தில் என்ன நடக்கிறது என்பதை அப்படியே விவரித்துச் சொல்லுங்கள், போதும்.

தொடக்கத்தில் திரிகாலத் தீர்மானம். ஒரே ஜதியை, அதாவது தாளச் சொற்கோவையை, மூன்று வேகத்தில் ஆடுவது. நட்டுவாங்கம் செய்பவர் சொற்கட்டு சொல்கிறார், கையில் தாளம், ஒன்று இரும்பு, ஒன்று வெண்கலம். நான் அந்தச் சொல்லுக்கும் வாசிக்க வேண்டும், அவள் காலுக்கும் வாசிக்க வேண்டும். முதல்முறை மேடை ஏறுகிற பெண் பெரும்பாலும் மூன்றாம் காலத்தில் ஓடுவாள். பயத்தில் அடி தாளத்துக்கு முன்னால் விழும். உடனே நட்டுவாங்கக்காரர் தாளத்தை அழுத்தித் தட்டுவார், நான் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கொஞ்சம் கனம் கூட்டுவேன். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கால் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். சபையில் யாருக்கும் தெரியாது. ஸ்பீக்கரில் ஓடும் பதிவென்றால், அவள் முடித்துவிட்டு நிற்பாள், ஜதி பின்னாலேயே வந்துகொண்டிருக்கும்.

அடுத்து சஞ்சாரி, ஒரு வரியின் பொருளை அபிநயத்தில் விரித்துக் காட்டுவது. ‘மோகமான என்மீது நீ இந்த வேளையில் மோடி செய்யலாமா’ என்று ஒரு வரி. முதலில் சொல்லுக்குச் சொல் கை பிடிக்கிறாள். பிறகு அந்த ஒரு மோடியை, அவன் காட்டும் பாராமுகத்தை, எடுத்து விரிக்கிறாள். வாசலில் அவன் வருகிற சத்தம் கேட்கிறது, கூந்தலைச் சரிசெய்துகொள்கிறாள், திரைச்சீலையை ஒதுக்கிப் பார்க்கிறாள், அவன் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். பாடுகிறவர் அதே வரியைச் சங்கதி (மெட்டின் வளைவுகள்) மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டிருக்கிறார். அவன் போன திசையைப் பார்த்து அவள் நிற்கும்போது நான் வாசிப்பைக் குறைத்துக்கொண்டு தாளத்துக்கு ஒரு தொடுதல் மட்டும் வைப்பேன். எத்தனை ஆவர்த்தனம் (தாளச் சுற்று) அப்படி நிற்பாள் என்று எனக்கும் தெரியாது, பாடுகிறவருக்கும் தெரியாது. அவள் பார்வை எங்கள் பக்கம் லேசாகத் திரும்பும்போதுதான் தெரியும். கூட்டம் ஊன்றிப் பார்த்தால் ஒரு ஆவர்த்தனம் கூட நிற்பாள். சலசலப்பான சபை என்றால் சுருக்கி முடித்து, காலால் தாளம் தட்டிக் கையால் பொருள் காட்டும் தட்டுமெட்டுக்கு வந்துவிடுவாள்.

அந்த முடிவை மேடையில் தானே எடுக்கப் பழகுவதற்குத்தான் அரங்கேற்றமே. பதிவில் அதை வேறு யாரோ, வேறு ஒரு பெண்ணுக்காக, ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து முன்பே எடுத்துவிட்டார்கள்.

மூணாவது மாடி அம்மாவுக்கு: உங்கள் மகளுக்கு நடந்தது அநியாயம். ஆடுகிறவளைப் பார்க்காமல் பாடுகிறவர் நாட்டியத்துக்குப் பாட உட்காரவே கூடாது. ஒரே ஒத்திகையில் வர்ணம் ஒட்டாது. நான் ஒத்துக்கொள்கிற அரங்கேற்றங்களுக்குக் குறைந்தது மூன்று முழு ஒத்திகை கேட்பேன்.

மேலவீதி எழுதியது:

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் இந்தக் கேள்விக்குப் பழைய பதில் இருக்கிறது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியின் அரங்கேற்றத்தைச் சொல்கிறது. ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் சோழன் முன் ஆடுகிறாள். ஆனால் இளங்கோ அவள் ஆட்டத்துக்கு உடனே போய்விடுவதில்லை. ஆடலாசான் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும், இசையாசிரியன், பாட்டுக் கட்டும் கவிஞன், தண்ணுமை என்ற தோல்வாத்தியம் வாசிப்பவன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவரின் தகுதியையும் வரிசையாகச் சொல்லி முடித்த பிறகுதான் அரங்கத்தின் அளவுக்கே வருகிறார். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். வாத்தியங்கள் ஒலிப்பதைச் சொல்லும்போதும் ‘குழல்வழி நின்றது யாழே’ என்று தொடங்கி, யாழ்வழித் தண்ணுமை, தண்ணுமையின் பின்வழி முழவு என்று ஒன்று இன்னொன்றைக் கேட்டு அதன் வழியே நிற்பதைக் காட்டுகிறார்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் கல்வெட்டு, கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரை ஊர் ஊராக வரவழைத்து வீடும் ஆளுக்கு ஒரு பங்கும் கொடுத்ததைச் சொல்கிறது. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். அதே கல்வெட்டில் நட்டுவம் செய்பவர்கள், பாடுபவர்கள், வங்கியம் ஊதுபவர்கள், கொட்டுபவர்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. ஆடுகிற பெண்ணுக்குக் கிடைத்ததைவிட அதிகம்.

தஞ்சை நால்வர், அதாவது சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு, இன்று நாம் ஆடுகிற மார்க்க வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள். இரண்டாம் சரபோஜி அவையில் இருந்தார்கள், முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை கற்றார்கள். வடிவேலு பிறகு திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் அவைக்குப் போனார், வயலினில் பெரிய கை. டீச்சர் சொன்ன ‘மோகமான’ வர்ணமே நால்வரில் பொன்னையா செய்தது, திருவாரூர்த் தியாகேசர் மேல், ரூபக தாளம். நட்டுவனார் என்றால் தாளம் தட்டுகிறவர் மட்டும் என்று இப்போது நினைக்கிறோம். அவர்கள் பாட்டுக் கட்டினார்கள், பாடினார்கள், வாத்தியம் வாசித்தார்கள், ஆட்டமும் அமைத்தார்கள்.

பரதத்துக்குச் சதிர் என்று பெயர் இருந்த காலத்தில் வாத்தியக்காரர்கள் ஆடுகிறவளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு, அவள் முன்னால் வந்தால் இவர்களும் வந்து, பின்னால் போனால் இவர்களும் போய் வாசிப்பார்கள். மிருதங்கத்தை இடுப்பில் கட்டியிருப்பார்கள். ஊதுகிற முகவீணை இருக்கும், சுருதிக்குத் துத்தி என்ற ஊதுபை இருக்கும். இரண்டையும் இப்போது நாட்டிய மேடையில் காண முடிவதில்லை.

மூணாவது_மாடி எழுதியது:

மேலவீதி சார், படிக்க அருமையாக இருக்கிறது. ஆனால் அந்த நெல்லை ராஜா கொடுத்தார். மாதவியின் வீட்டார் வளையலை அடகு வைக்கவில்லை. ஆயிரம் ஆண்டு வழக்கத்தின் செலவை இன்று ஒரு கடைக்காரக் குடும்பம் தனியாகத் தூக்க வேண்டியிருக்கிறதே, இதற்கு என்ன வழி?

நாலாம்_வரிசை எழுதியது:

அந்தக் கேள்வியை யாரும் தாண்டிப் போகக் கூடாது. பணம் பற்றி விவரம் தெரிந்தவர்கள் பேசட்டும். ரசிகனாக எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

நடனக் கலைஞர் பாலசரஸ்வதியை நான் நேரில் பார்த்ததில்லை. சத்யஜித் ராய் 1976-இல் எடுத்த ஆவணப்படத்தில்தான் பார்த்தேன். அவர் பாடிக்கொண்டே ஆடுவார். வீணை தனம்மாளின் பேத்தி. அம்மா ஜெயம்மாள் அவருக்காகப் பாடினார். ஏழு வயதில் காஞ்சிபுரம் காமாட்சி அம்மன் கோயிலில் அரங்கேற்றம், குரு கந்தப்பா பிள்ளை நால்வர் வழியில் வந்தவர். 1973-இல் மியூசிக் அகாடமி இவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது. பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் கொடுக்கிற பட்டம் அது. ஆடுகிறவருக்கு அதைக் கொடுத்ததில் எந்தப் பொருத்தக் குறைவும் இல்லை. ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்போது அதே சொல்லுக்கு அவர் கை ஒவ்வொரு முறையும் வேறு ஒன்று சொல்லும், பாட்டு எங்கே இழைகிறதோ அங்கே முகம் இழையும்.

விராலிமலை முத்துக்கண்ணம்மாளையும் சொல்ல வேண்டும். அந்த முருகன் கோயிலில் சேவை செய்த 32 சதிர்க் கலைஞர்களில் ஒருவர், 2022-இல் பத்மஸ்ரீ பெற்றார். முதிய வயதில், உட்கார்ந்தபடியே வாயால் பாடிக் கையால் அபிநயம் பிடித்தாலும் சதிர் அங்கே முழுதாக இருக்கும். பாட்டையும் ஆட்டத்தையும் இரண்டாகப் பிரித்தே பார்க்காத பயிற்சி அது. டீச்சர், உங்கள் மாணவிக்குப் பாட வருமா? பெரிய குரல் வேண்டாம். வர்ணத்தின் வரிகளையாவது தாளம் போட்டுப் பாடத் தெரிகிறதா?

அரைமண்டி எழுதியது:

பாடுவாள். என் வகுப்பில் ஒவ்வொரு உருப்படியையும் முதலில் பாடிக் காட்டிய பிறகுதான் ஆட விடுவேன். சொற்கட்டும் அப்படித்தான், கையில் தாளம் போட்டு வாயால் சொல்லி முடித்தால்தான் கால்.

தெற்கு_மூலை எழுதியது:

வேலை விஷயமாகத் திருச்சூரில் இருக்கிறேன், கோயில் கோயிலாகக் கதகளி பார்க்கிறேன். வலந்தலை சொன்னதற்கு அங்கே இன்னும் தெளிவான உதாரணம் இருக்கிறது. கதகளியில் இளகியாட்டம் என்று ஒரு பகுதி. அப்போது பாட்டே கிடையாது. நடிகர் தன் மனோதர்மப்படி கைமுத்திரையாலேயே பேசிக்கொண்டு போவார். அவர் இமயமலையை வர்ணிக்கலாம், காட்டில் யானை படும் பாட்டைக் காட்டலாம். செண்டையும் மத்தளமும் அவர் கையையே பார்த்துக்கொண்டு வாசிக்கும். அவர் ஒரு கல்லை எடுத்தால் அந்தக் கல்லின் கனம் செண்டையில் கேட்கும். பாட்டு இருக்கிற பகுதிகளிலும் பொன்னானி, சிங்கிடி என்று இரண்டு பாடகர்கள் நடிகருக்குப் பின்னாலேயே நின்று, அவர் கை முடியும்வரை வரியைத் திருப்பித் திருப்பிப் பாடுவார்கள். பதிவு போட்டு ஆடுங்கள் என்று ஒரு கதகளிக் கலைஞரிடம் சொல்லவே முடியாது.

தத்கார் எழுதியது:

வட இந்திய நடனமான கதக் கற்கிறேன். எங்கள் பக்கத்திலும் அதுதான். நாங்களே மைக்கில் ‘போல்’, அதாவது எங்கள் சொற்கட்டு, சொல்வோம், தபலா அதைக் கேட்டு வாசிக்கும், பிறகு அதைக் காலில் எடுப்போம். எந்த இடத்திலிருந்து கிளம்பினாலும் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், வந்து விழ வேண்டும். சில சமயம் தபலாக்காரர் திடீரென்று ஒரு கேள்வி போடுவார், அதற்கு அந்த நொடியில் காலில் பதில் வேண்டும். லெஹரா என்ற திரும்பத் திரும்ப வரும் மெட்டைச் செயலியில் ஓடவிட்டுப் பயிற்சி எடுப்போம், தினமும் எடுக்கிறோம். மேடைக்கு ஆள் வேண்டும்.

பனிக்காலம் எழுதியது:

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், அதனால் மறுபக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

பதிவு இசை இல்லாவிட்டால் எங்கள் ஊரில் பரதமே வளர்ந்திருக்காது. கேசட் காலத்திலிருந்து அதுதான் எங்களுக்குத் துணை. இங்கே பிறந்த பிள்ளைகள் பைரவி என்ன, ஆனந்தபைரவி என்ன என்று காது பழகியதே அந்தப் பதிவுகளால். கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து கலைஞர்கள் வருகிறார்கள், வசதியானவர்கள் அரங்கேற்றம் வைக்கிறார்கள். முடியாத வீட்டுப் பிள்ளைகளை ‘நேரடி இசை இல்லையென்றால் அது அரங்கேற்றமே இல்லை’ என்று சொல்லி வெளியே நிறுத்துவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. எத்தனையோ திறமையான பெண்கள் அதனாலேயே பாதியில் விட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் வலந்தலையோடு சேர்ந்துகொள்கிறேன். ஒரே பதிவை வாங்கிப் பல பள்ளிகள் ஆடுகின்றன. பாடகர் நான்கு முறை பாடியிருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சஞ்சாரி நான்கு முறைதான். மூன்றாவது முறையில் வயலின் உச்சத்துக்குப் போனால் எல்லோருக்கும் அங்கேதான் கிருஷ்ணன் தயிர்ப்பானையை உடைக்க வேண்டும். ஒரு விழாவில் அடுத்தடுத்து வந்த இரண்டு பெண்கள், வெவ்வேறு ஆசிரியரிடம் கற்றவர்கள், ஒரே இடத்தில் ஒரே கதையை ஒரே நேர அளவில் காட்டினார்கள். இருவருமே நல்ல ஆட்டக்காரர்கள். இருவரும் யார் என்று மட்டும் கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

தட்டுக்கழி எழுதியது:

நான் நட்டுவனார் வீட்டுப் பேரன். தாத்தா சொல்லிக்கொடுத்தவர். அப்பா கொஞ்ச நாள் வாசித்தார், பிறகு அரசு வேலைக்குப் போய்விட்டார். நான் கணக்காளன். வீட்டில் தாத்தாவின் தட்டுக்கழி இருக்கிறது, கட்டையில் தட்டித் தட்டி நுனி ஒரு பக்கமாகத் தேய்ந்தது.

‘சம்பிரதாயம்’ என்று எல்லோரும் சொல்லும்போது அதைத் தூக்கிவந்த வீடுகளுக்கு என்ன ஆனது என்றும் பேச வேண்டும். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதை 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் நிறுத்தியது. அது நிற்க வேண்டிய வழக்கம்தான். அதற்காகப் பாடுபட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியையும், அந்த வாழ்க்கையை உள்ளிருந்தே பார்த்து எதிர்த்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரையும் எங்கள் வீட்டில் மரியாதையோடுதான் சொல்வார்கள். வழக்கம் போனதோடு, அந்தப் பெண்களின் கையிலிருந்த கலையும் அவர்களை விட்டுப் போனது என்பதுதான் துயரம். அவர்களில் பலர் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லிக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டார்கள்.

ருக்மிணி தேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும், அபிநயத்துக்கு மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் கற்று 1935-இல் அடையாறில் ஆடினார், அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா தொடங்கினார். நடனத்துக்குப் புது மேடையும் மதிப்பும் வந்தது. நட்டுவனார்கள் தஞ்சை மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து சென்னைக்கும் பம்பாய்க்கும் போய் அடுத்த வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பந்தநல்லூர், வழுவூர், திருவிடைமருதூர் எல்லாம் ஊர்ப் பெயர்கள். இன்று உலகம் முழுக்கப் பாணியின் பெயர்களாகப் புழங்குகின்றன. அந்த ஊர்களில் இப்போது ஜதி சொல்லும் குரல் கேட்பது அபூர்வம். கற்றுக்கொண்ட பெண்கள் ஆசிரியைகள் ஆனார்கள், நட்டுவாங்கத்தையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். அதில் தவறில்லை. டீச்சர் தாளம் பிடித்து உட்கார்ந்தால் என் தாத்தா சந்தோஷப்படுவார்.

சரி, பணத்துக்கு வருகிறேன். ஐந்து பேரும் ஏன் சென்னையிலிருந்து வர வேண்டும்? நீங்கள் இருப்பது காவிரிக்கரை. திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட இசைப்பள்ளிகளில் குரலிசை, வயலின், மிருதங்கம், தேவாரம், பரதநாட்டியம் எல்லாம் சொல்லித்தருகிறார்கள். அங்கே கற்று முடித்துவிட்டு வாய்ப்புக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறார்கள். பெரிய பெயர் இருக்காது. ஆனால் வாரம் ஒருமுறை ஒத்திகைக்கு வருவார்கள். மூணாவது மாடி அம்மா சொன்ன அந்தத் திகைப்பு, பெயர் பெற்றவர் ஒரு நாள் மட்டும் வந்ததால் வந்தது. பெயர் இல்லாதவர் பத்து வாரம் வந்தால் அது வராது. நீங்கள் கொடுக்கிற சம்பாவனை அந்தப் பிள்ளையை இந்தத் தொழிலில் இன்னும் ஒரு வருடம் இருக்கவைக்கும்.

வலந்தலை எழுதியது:

தட்டுக்கழி அண்ணா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். முதல் பதிவிலேயே இதை நான் எழுதியிருக்க வேண்டும், நானும் மாவட்ட இசைப்பள்ளியில் படித்தவன்தான்.

இன்னொன்று. ஐந்து பேர் வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் கட்டாயப்படுத்தவில்லை. நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம். இந்த மூன்றும் இருந்தால் வர்ணம் நிற்கும். வயலின் இருந்தால் பதத்தில் பாடுகிறவருக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கும், நல்லதுதான். புல்லாங்குழல் அழகு, ஆனால் செலவைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் அதைத்தான் விடுவேன். சுருதிப்பெட்டி போதும்.

பனிக்காலம் எழுதியது:

இது நல்ல வழி. மார்க்கத்தையும் கொஞ்சம் குறைக்கலாமே? ஜாவளியை விட்டுவிட்டு ஒரு பதத்தை மட்டும் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். உடை மாற்றுவதும் ஒன்று குறையும். பதின்ம வயதுப் பெண்ணுக்கு க்ஷேத்ரக்ஞர் பதத்தின் நாயகி மனநிலை இப்போதே வர வேண்டுமென்று அவசரமும் இல்லை.

அரைமண்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையை அப்பாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். சஞ்சாரியில் அவள் நிற்கிற நேரத்தை அவளே முடிவுசெய்கிறாள் என்ற இடத்தில் நிறுத்தி, “அவளேவா?” என்று கேட்டார். உடனே அவளைக் கூப்பிட்டு, நான் அந்த ஒரு வரியைப் பாட, அவளை ஆடச் சொன்னேன். முதல் தடவை வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி. இரண்டாவது தடவை, உனக்குத் தோன்றியபடி செய், நான் பாடிக்கொண்டே இருப்பேன் என்றேன். அவன் போன பிறகு, ஒதுக்கிய திரைச்சீலையை விடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சொல்லிக்கொடுக்காதது அது. அப்பா எதுவும் பேசவில்லை. சாயங்காலம் போன் செய்து, உள்ளூர் ஆட்கள் என்றால் சரி, மண்டபம் மட்டும் பெரியது வேண்டாம் என்றார்.

முடிவு இதுதான். நட்டுவாங்கம் நானே. திருவையாற்றில் படித்த ஒரு பெண் பாட ஒத்துக்கொண்டிருக்கிறாள், தேவாரமும் தெரிந்தவள். வயலினுக்கு அவளோடு படித்தவர் வருகிறார். புல்லாங்குழல் இல்லை, ஜாவளி இல்லை, பதம் ஒன்றுதான். எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் கேட்டிருக்கிறோம், தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கருங்கல் தரை, கால் வலிக்கும். அவளை இப்போதிலிருந்தே அங்கே பழக்க வேண்டும். சாப்பாடு கிடையாது, பிரசாதம் மட்டும்.

மிருதங்கத்துக்கு இன்னும் ஆள் அமையவில்லை.

மூணாவது_மாடி எழுதியது:

டீச்சர், உடைக்கும் நகைக்கும் கவலைப்படாதீர்கள். என் மகளுடையது முழு செட் பெட்டியில் இருக்கிறது. அளவு கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும், தையல்காரரிடம் தையலை விட்டுக் கொடுக்கச் சொல்லலாம். ராக்கொடியும் ஜடைநாகமும் இருக்கிறது. தனிச்செய்தியில் முகவரி அனுப்புங்கள்.

வலந்தலை எழுதியது:

மிருதங்கத்துக்கு நான் வருகிறேன். மயிலாடுதுறையில்தான் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை வைத்தால் பஸ்ஸில் வந்துவிடலாம். முதல் இரண்டு வாரம் பாட்டும் ஆட்டமும் மட்டும் சேரட்டும், மிருதங்கம் மூன்றாவது வாரத்திலிருந்து போதும். தீர்மானங்களின் சொற்கட்டை இப்போதே எழுதி அனுப்பினால் வாசித்து வைத்துக்கொள்வேன். கல் தரை என்கிறீர்கள், சலங்கைச் சத்தம் எதிரொலிக்கும், அதனால் காலப்பிரமாணத்தை (வேகத்தை) கொஞ்சம் நிதானமாகவே வைத்துப் பழக்குங்கள்.

பாடுகிறவர் சுருதி எத்தனை கட்டை? ஹெச்சு (உயர்ந்த) சுருதி மிருதங்கத்துக்கு மூட்டு (தோல் வளையம்) பிடிக்கக் கொடுக்க வேண்டியிருக்கிறது, முன்கூட்டியே தெரிந்தால் நல்லது.

அரைமண்டி எழுதியது:

ஐந்தரைக் கட்டை. சொற்கட்டு இன்று இரவே எழுதி அனுப்புகிறேன் அண்ணா.